உள்ளங்கை யாரைப் பார்க்கிறது

மார்ச் 3

அக்கா,

போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய். இதுவரை மூன்று முறை. கடிதத்தையும் பாதியில் மடித்து வைக்கலாம்தான், ஆனால் அது மேசைமேல் கிடந்து உன் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும். அதனால் எழுதுகிறேன்.

உங்கள் கார் பயிற்சிப் பள்ளியின் வெள்ளை ஸ்போர்ட்ஸ் கார் இன்ஜின் வெள்ளிக்கிழமை லாரியில் வந்து இறங்கியது. போன ஆகஸ்டில் நான் என் கையால் பூட்டி அனுப்பிய இன்ஜின். திறந்து பார்த்தேன். பதினாறு வால்வில் ஒன்பது வளைந்திருக்கிறது. பிஸ்டன் தலைகளில் பிறை பிறையாகத் தழும்பு. வால்வு மூடுவதற்குள் பிஸ்டன் மேலே வந்து இடித்திருக்கிறது. தாங்க முடியாத வேகத்தில் சுற்றிய இன்ஜினுக்குத்தான் இந்தத் தழும்பு வரும். இது உனக்கும் தெரியும்.

உன் மேனேஜருக்குத் தெரியாமல் இருக்கலாம், அவருக்காக எழுதுகிறேன். இந்த இன்ஜினுக்கு 7800 சுற்று எல்லை. ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் அந்த இடத்தில் பெட்ரோல் தானாக நின்றுவிடும். ஆனால் மூன்றாவது கியரில் பறக்கும்போது நாலுக்குப் போக வேண்டியது இரண்டில் விழுந்தால் அந்தக் கட்டுப்பாடு செல்லாது. அப்போது சக்கரம்தான் இன்ஜினைப் பிடித்துச் சுற்றும். பெட்ரோலை நிறுத்தி என்ன பயன்?

இதை வைத்துக்கொண்டு எங்கள் பட்டறை முதலாளியிடம் போனேன். அவர் பள்ளியிலிருந்து வந்த அறிக்கையை என் முன்னால் போட்டார். "வண்டி வழக்கம்போல் ஓட்டப்பட்டது. கியர் எதுவும் தவறவில்லை. இன்ஜின் பூட்டியதில் குறை இருக்கலாம்." கீழே உன் கையெழுத்து.

"உங்க அக்காவே சொல்லுது. நான் என்னப்பா பண்ணட்டும்?" என்றார். பதினொரு வருடமாக என் இடுப்பில் இருந்த இன்ஜின் அறைச் சாவியை வாங்கிக்கொண்டார். இப்போது டயர் பகுதியில் உட்கார்ந்து பஞ்சர் பார்க்கிறேன். விசாரணை முடியும்வரை என்கிறார்கள்.

யாரையோ காப்பாற்றுகிறாய் என்று நினைக்கிறேன். அந்தக் கூலிங்கிளாஸ்தானே? மழை நாளிலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் உன்னிடம் ஓட்டப் பழகுகிறானே, அந்த ஆள். பெரிய இடத்துப் பிள்ளை, மேனேஜருக்கு வேண்டியவன். அவன் பெயரை நீ எழுத மாட்டாய், சரி. காரின் கணினிப் பெட்டியைக் கழற்றி அனுப்பு, போதும். இன்ஜின் ஓடிய எந்த மணியில் எத்தனை சுற்று போனது என்று அதில் பதிந்திருக்கும். அதற்கு யாருக்கும் பயப்படத் தெரியாது.

உன் தம்பி

மார்ச் 9

நட்டு,

ஆறு வயதில் அப்பாவின் டப்பாவிலிருந்து நட்டை எடுத்து முழுங்கினவனை வேறு எப்படிக் கூப்பிடுவது?

எழுத்து கோணலாக இருக்கிறது என்று ஆரம்பிக்காதே. எங்கள் அலுவலகம் ஓட்டப் பாதையின் ஓரம் நிற்கும் ஒரு தகர அறை. இதில் இருக்கும் மேசைக்கு மூன்றரைக் கால். பேனாவும் சரியில்லை.

நீ கேள்வி கேட்டு எழுதியிருக்கிறாயா, தீர்ப்பு எழுதியிருக்கிறாயா? கியர் தவறவில்லை என்று எழுதினேன். அதையே மறுபடியும் எழுதுகிறேன். பதினான்கு வருடமாக நான் சொல்லிக்கொடுப்பது ஒரே பாடம். கியரைப் பிடிக்காதே, அதற்கு வழி காட்டு. குனிந்து பார்க்காதே. உள்ளங்கை யாரைப் பார்க்கிறது என்பதை மட்டும் தெரிந்துகொள். ஒன்று, இரண்டு போடும்போது அது பக்கத்துச் சீட்டைப் பார்க்கும். ஐந்து, ஆறு போடும்போது உன்னைப் பார்க்கும். மூன்று, நாலுக்கு அது யாரையும் பார்க்க வேண்டாம், மேலே சும்மா வைத்து நகர்த்தினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். இதைப் படித்தவன் எவனும் நாலுக்குப் பதில் இரண்டில் போட மாட்டான். கற்றுக்கொடுப்பவளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கியர் போடுவதற்கென்றே இடக்கைப் பழக்கத்தோடு பிறந்தவள் என்று அப்பாவே சொல்வார்.

இப்போது நான் கேட்கிறேன். வால்வு ஸ்பிரிங் புதிது என்று போனில் சொன்னாய். பெட்டியை நான் பார்க்கவில்லை. தளர்ந்த ஸ்பிரிங் போட்டாலும் வால்வு மூடாது, பிஸ்டன் இடிக்கும், அதே தழும்பு வரும். பட்டறையில் மீந்ததை எடுத்து மாட்டினாயா?

இன்னொன்று. அப்பாவின் வேனை இறக்கத்தில் மூன்றிலிருந்து ஒன்றில் தள்ளி இன்ஜினைச் சிதறடித்தது யார்? "நான்தான் ஓட்டினேன்" என்று போய் நின்றது யார்? அப்பா இரண்டு மாதம் என் முகத்தைப் பார்க்கவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அதைச் சொல்லிக்காட்டியதில்லை. இப்போது சொல்லிக்காட்டுகிறேன்.

வேறு விஷயம். உங்கள் கடையில் சொரசொரப்பான பெரிய கியர் குமிழ் இருந்தால் ஒன்று அனுப்பு. இங்கே மாணவர்களுக்குக் கை வியர்த்து வழுக்குகிறது.

அக்கா

மார்ச் 14

அக்கா,

ஸ்பிரிங் பற்றி நீ கேட்டதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. அதை மறைக்கவில்லை. நான் போட்டது புதியதுதான், ஆனால் பெட்டி ஏற்கெனவே பிரித்திருந்தது. வேறொருவர் அளந்து பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தது. அன்றைக்கு அவசரம். மறுபடி அளக்காமல் போட்டேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டு நாள் தூக்கமில்லை. பிறகு டயர் பகுதியில் மதிய இடைவேளையில் இன்ஜின் அறைக்காரனைக் கெஞ்சி, பதினாறு ஸ்பிரிங்கையும் அளந்து பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது. ஒன்றுகூடத் தளரவில்லை. கடவுளே என்று உட்கார்ந்துவிட்டேன்.

என் பக்கத்தில் மறைக்க இருந்த ஒன்றையும் எழுதிவிட்டேன். உன் பக்கம்?

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். என் ஸ்பிரிங்குக்குப் பதில் இருக்கிறது, அப்பாவின் வேன் இருக்கிறது, மேசைக் கால்கூட இருக்கிறது. கணினிப் பெட்டி பற்றி ஒரு வரி இல்லை. கூலிங்கிளாஸைப் பற்றியும் இல்லை, அவன் இல்லை என்றுகூட நீ எழுதவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல எதையோ பல்லைக் கடித்துக்கொண்டு எழுதியிருக்கிறாய்.

வேன் விஷயம் எனக்கு மறக்கவில்லை. அன்றைக்கு எனக்காகப் பொய் சொன்னாய். இன்றைக்கு என் தலையில் விழும்படி சொல்கிறாயோ என்றுதான் பயமாக இருக்கிறது. நான் தப்பாக நினைத்திருந்தால் திட்டி எழுது, சந்தோஷப்படுவேன்.

குமிழ் இந்தப் பார்சலில் இருக்கிறது. கடையில் இருப்பதிலேயே பெரியது. லாரிக்காரர்கள்தான் இதை வாங்குவார்கள். ஸ்போர்ட்ஸ் காரில் இதை மாட்டினால் உன் மாணவர்கள் சிரிக்கப்போகிறார்கள்.

தம்பி

மார்ச் 21

தம்பிக்கு,

பார்சல் கிடைத்தது. நன்றி.

கணினிப் பெட்டியில் எந்தப் பதிவும் இருக்காது. இன்ஜினை இறக்கியபோது பேட்டரியைக் கழற்றினார்கள். எல்லாம் அழிந்திருக்கும். எனவே அதை அனுப்புவதில் பயனில்லை.

நீ குறிப்பிட்ட மாணவரைப் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை. நீயாக என்ன நினைத்துக்கொண்டாலும் அது உன் விருப்பம்.

அறிக்கையில் எழுதியதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. பள்ளியின் திறந்த நாள் ஏப்ரல் 5 அன்று வருகிறது. பார்வையாளர்களைச் சிவப்பு வண்டியில் ஏற்றிச் சுற்றிக் காட்ட வேண்டும். வேலை நிறைய இருக்கிறது. அடிக்கடி எழுத இயலாது.

இதை அலுவலகக் கணினியில் அடித்திருக்கிறேன். நேரம் மிச்சமாகும் என்பதற்காக மட்டுமே. கையால் எழுத முடியாமல் அல்ல.

அக்கா

மார்ச் 27

அக்கா,

"இயலாது", "எனவே", "குறிப்பிட்ட மாணவர்". என் அக்கா இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அச்சடித்த கடிதம், கையெழுத்துகூட இல்லை. பக்கத்தில் வக்கீல் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அடித்தாயா? இருந்தால் அவருக்கும் என் வணக்கம்.

பேட்டரியைக் கழற்றினால் அந்தப் பதிவு அழியாது. இது உனக்குத் தெரியாது என்று என்னை நம்பச் சொல்லாதே. நீ அனுப்பமாட்டாய் என்று தெரிந்ததும் உன் மேனேஜருக்கே எழுதினேன். பாவம், நல்ல மனுஷன், கணினிப் பெட்டியோடு ஓட்டப் பதிவேட்டின் நகலையும் சேர்த்து அனுப்பிவிட்டார்.

இப்போது கேள். இன்ஜின் ஓடியது மொத்தம் நாற்பத்திரண்டு மணி. எல்லையைத் தாண்டியது மூன்று முறை. பதினாலாவது மணியில் 8300. இருபத்தொன்பதாவது மணியில் 8900. கடைசி மணியில் 9600. அதோடு இன்ஜின் முடிந்தது.

பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கூலிங்கிளாஸ் இருபதாவது மணியோடு படிப்பை முடித்துக்கொண்டு போய்விட்டான். பதினாலாவது மணியிலும் அவன் இல்லை. மூன்று இடத்திலும் ஒரே வரிதான்: "ஓட்டியவர், பயிற்சியாளர்." அந்த ஆளை நான் இத்தனை நாள் மனசுக்குள் திட்டியதெல்லாம் வீண். நீயும் என்னைத் திட்டவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறாய்.

பயிற்சியாளர் என்றால் அந்தப் பள்ளியில் நீ ஒருத்திதான். ஆனால் உன் கை தவறும் என்று நான் எப்படி நம்புவது? மூன்று முறை, அதுவும் போகப் போக மோசமாக? ஆகவே உன் பெயரில் வேறு யாருக்கோ வண்டியைக் கொடுத்திருக்கிறாய். யார் அது? என்னைவிட வேண்டியவர் உனக்கு யார் வந்துவிட்டார்?

ஏப்ரல் 15 அன்று முதலாளி முடிவு சொல்கிறார். என் மேல் குறை என்று எழுதிவிட்டால் இந்த ஊரில் எந்தப் பட்டறையும் எனக்கு இன்ஜின் தராது. டயர்தான். இந்தப் பதிவை இன்னும் நான் முதலாளியிடம் காட்டவில்லை. உன் பதிலுக்காக வைத்திருக்கிறேன். ஏன் வைத்திருக்கிறேன் என்று எனக்கே புரியவில்லை.

தம்பி

மார்ச் 29

அக்கா,

போன கடிதம் உனக்கு வந்திருக்காது. அதற்குள் இது.

நேற்று என் பெண்டாட்டி உன் கடிதங்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "வக்கீலும் இல்ல, ஒண்ணும் இல்ல. இந்த ஒன்பதாந்தேதி எழுத்தைப் பாருங்க" என்றாள். உன் பழைய பாட நோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். நோட்டில் உன் எழுத்து கம்பியில் கோத்ததுபோல் இருக்கிறது. மார்ச் ஒன்பதில் பாதிச் சுழி மூடவே இல்லை. பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழித்திருக்கிறது. மேசை ஆடினால் எழுத்து ஆடும், தாள் கிழியாது.

அவள் இன்னொன்றும் சொன்னாள். ஜனவரியில் இங்கே வந்தபோது சின்னவளின் சட்டைப் பொத்தானைப் போடாமல், "கை ஈரமா இருக்கு, நீ போடும்மா" என்று தள்ளிவிட்டாயாம். "அவங்க கை ஈரமாவே இல்லைங்க" என்றாள். இதை ஜனவரியிலேயே சொல்வதற்கென்ன என்று அவளோடு சண்டை போட்டேன்.

பிறகு ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தது. லாரிக் குமிழ் மாணவர்களுக்கு இல்லை. டைப் அடித்தது நேரத்துக்காக இல்லை. "கையால் எழுத முடியாமல் அல்ல" என்று யாரும் கேட்காமலே எழுதியிருந்தாயே, எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதையாக. அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

உன் இடக்கைக்கு என்ன ஆனது? இந்த ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது. ஐந்தாம் தேதி யாரையும் வண்டியில் ஏற்றாதே.

தம்பி

ஏப்ரல் 2

நட்டு,

ஆமாம்.

வலக்கையில் ஒரு விரலால் அடிக்கிறேன். வக்கீல் இல்லை. இருந்தால் இதை அடிக்கவே விட்டிருக்க மாட்டார்.

போன வருடம் ஜூனில் ஆரம்பித்தது. முதலில் சுண்டு விரல். பிறகு அதற்குப் பக்கத்து விரல். கை தூங்குகிறது என்று உதறிக்கொண்டே இருந்தேன். மேனேஜரிடம் சொன்னால் டாக்டரிடம் போகச் சொல்வார். டாக்டர் ஓட்டாதே என்பார். அதனால் இரண்டு பேரிடமும் சொல்லவில்லை.

முதல் தடவை தனியாக இருந்தேன். தவறியது தெரிந்தது, ஆனால் எப்படித் தவறியது என்று தெரியவில்லை. நான் கையைக் குமிழின் மேலே சும்மா வைத்திருப்பதாகத்தான் நினைத்தேன். குனிந்து பார்த்தால் முஷ்டியாக இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. பிடித்த கையால் இழுத்தால் ஸ்பிரிங் சொல்வதை அது கேட்காது, போன பக்கம் போகும். இரண்டில் போய் விழுந்தது. அன்றிலிருந்து கியரைப் பார்த்துத்தான் போடுகிறேன். பார்க்காதே என்று மாணவர்களிடம் சொல்லிக்கொண்டே பார்க்கிறேன்.

மூன்றாவது தடவை பக்கத்தில் ஆள் இருந்தது. ஒரு நர்ஸம்மா, ஞாயிறுதோறும் ஓட்டப் பழக வருபவர். நேர்ப் பாதையில் எப்படி ஓட்டுவது என்று நான் ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன். இரண்டில் விழுந்ததும் பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. வண்டி இரண்டு சுற்றுச் சுற்றிப் புல்லில் போய் நின்றது. அந்த அம்மா சிரித்தார். "இதையும் சொல்லித் தருவீங்களா மேடம்?" என்று கேட்டார். பாடத்தில் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டார். நான் "தருவேன்" என்றேன்.

இன்ஜினில் குறை இருக்கலாம் என்று எழுதியபோது உன் பெயர் வரும் என்று நினைக்கவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. நினைத்தேன். நீ சமாளித்துக்கொள்வாய் என்றும் நினைத்தேன்.

இப்போது கேட்கிறேன், கோபப்படாமல் படி. அந்தப் பதிவை முதலாளியிடம் காட்டாதே. பழைய ஸ்பிரிங் போட்டுவிட்டேன் என்று சொல்லிவிடு. உனக்குக் கை இருக்கிறது, வேறு ஊரில் வேறு பட்டறை கிடைக்கும். எனக்கு இதைத் தவிர ஒன்றும் தெரியாது. என்னை அடுப்பங்கரையில் நிறுத்தினால் உப்பு எது சர்க்கரை எது என்று நக்கிப் பார்த்துத்தான் சொல்வேன். வேனுக்கும் இதற்கும் சரியாகிவிடும். ஒரு பொய்க்கு ஒரு பொய்.

ஐந்தாம் தேதி ஓட்ட மாட்டேன். காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

அக்கா

ஏப்ரல் 6

அக்கா,

உன் கடிதத்தை டயர்களுக்கு நடுவில் உட்கார்ந்து படித்து அழுதேன். நிஜமாகவே அழுதேன். அழுதுகொண்டே, சரி, அவள் கேட்டபடி சொல்லிவிடலாம் என்று முடிவும் எடுத்துவிட்டேன்.

பிறகு ஏதோ ஒரு சந்தேகத்தில் இன்று காலை உன் மேனேஜருக்குப் போன் போட்டேன். "அக்காவுக்குக் காய்ச்சல் எப்படி இருக்கு சார்?" என்று கேட்டேன். "காய்ச்சலா? யாரு சொன்னா? நேத்து நாலு ரவுண்டு ஓட்டினாங்களே, கூட்டமே கை தட்டுச்சு" என்றார். ஒவ்வொரு ரவுண்டிலும் பக்கத்துச் சீட்டில் ஆள் இருந்தார்களாம்.

உன் கை மரத்துப்போனதற்குத்தான் அழுதேன். மனசு எப்போது மரத்தது என்று தெரிந்திருந்தால் அதற்கும் சேர்த்து அழுதிருப்பேன்.

இனி நீ சொல்லும் எதையும் நான் நம்புவதாக இல்லை. அதனால் ஒரு ஒப்பந்தம். நீ புது மாணவர்களுக்கு வைக்கிறாயே ஒரு பரீட்சை, அதை உனக்கு நீயே வை. சிவப்பு வண்டியில் உட்கார். இன்ஜின் ஓடக் கூடாது. கிளட்சை மிதித்துக்கொள். கண்ணை இறுக்கமாகக் கட்டச் சொல். பக்கத்தில் இருப்பவர் எண் சொல்வார், நீ கியரைப் போட வேண்டும். போட்டதும் இது இத்தனாவது கியர் என்று வாயால் சொல்ல வேண்டும். பத்து தடவை.

பத்தும் சரியாக இருந்தால் பதினைந்தாம் தேதி முதலாளி முன்னால் நின்று, பழைய ஸ்பிரிங் போட்டது நான்தான் என்று சொல்கிறேன். டயரோடு காலத்தை ஓட்டிக்கொள்கிறேன். வேனுக்கு இது சரி. ஒன்பது சரியாக இருந்தால் கிடையாது.

எண் சொல்வதற்கு அந்த நர்ஸம்மாதான் வர வேண்டும். வேறு யாரும் வேண்டாம். எத்தனை சரி, எத்தனை தப்பு என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போடட்டும். நீ எழுதினால் நான் பார்க்க மாட்டேன்.

தம்பி

ஏப்ரல் 12

நட்டு,

இது சோத்துக்கை எழுத்து. ஒன்றாம் வகுப்பில் டீச்சர் ஸ்கேலால் அடித்தும் வராதது இப்போது வருகிறது. இரண்டு நாளாக எழுதுகிறேன். வரி மேலே ஏறும், பொறுத்துக்கொள். நர்ஸம்மாவின் சீட்டு தனியாக இருக்கிறது. அதை முதலில் பார்த்திருப்பாய்.

வெள்ளிக்கிழமை காலை வந்தார். "எதுக்கு மேடம் ஷெட்டுக்குள்ள?" என்றார். "இன்னைக்கு எனக்குப் பாடம்" என்றேன். அவருடைய துண்டாலேயே என் கண்ணைக் கட்டினார். பிறகு எண் சொன்னார். நான் போட்டேன். இதுதான் என்று சொன்னேன். பேனா தாளில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை.

முடிந்ததும் பத்தும் சரி என்றுதான் நினைத்தேன். உனக்கு எழுதப்போகும் கடிதத்தின் முதல் வரிகூட வந்துவிட்டது. கொஞ்சம் திமிரான வரி.

ஆறு சரி. நாலு தப்பு. நாலாவது கியர் கேட்டபோதெல்லாம் இரண்டில் போட்டிருக்கிறேன். போட்டுவிட்டு "நாலு" என்று சத்தமாகச் சொல்லவும் செய்திருக்கிறேன்.

அந்த அம்மா இந்த முறை சிரிக்கவில்லை. கட்டை அவிழ்க்காமல் என் இடக்கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "இப்ப எந்த விரலக் கிள்ளுறேன், சொல்லுங்க" என்றார். "கிள்ளுங்க, சொல்றேன்" என்றேன். அவர் கட்டை அவிழ்த்தார். சுண்டு விரலில் நகம் பதிந்து சிவந்திருந்தது.

"அன்னைக்கு வண்டி சுத்துச்சே மேடம். அது பாடம் இல்லதானே?"

"இல்ல" என்றேன்.

துண்டை மடித்துப் பையில் வைத்தார். "எனக்கு ரெண்டு பிள்ளைங்க" என்றார். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். திறந்த நாளன்று என் பக்கத்தில் உட்கார்ந்த நாலு பேரின் முகமும் அப்போதுதான் ஒவ்வொன்றாக வந்தது. அதில் ஒருவர் கைக்குழந்தையைக் கீழே கணவரிடம் கொடுத்துவிட்டு ஏறியவர்.

உன் முதலாளிக்கும் என் மேனேஜருக்கும் இதே கையால் எழுதி, மேனேஜரிடம் நேரில் கொடுத்தேன், உன் முதலாளிக்கு நேற்றே தபாலில் போட்டுவிட்டேன். பதினைந்தாம் தேதிக்கு முன்னால் போய்விடும். உனக்கு நகல் வைத்திருக்கிறேன். நீ என்னை நம்ப மாட்டாய் என்பதால் தபால் ரசீதும் வைத்திருக்கிறேன். மூன்று முறையும் ஓட்டியது நான், மூன்றிலிருந்து நாலுக்குப் போக வேண்டியது இரண்டில் விழுந்தது, இன்ஜின் பூட்டியதில் குறை எதுவும் இல்லை, அறிக்கையில் எழுதியது பொய் என்று எழுதியிருக்கிறேன். மேனேஜர் படித்துவிட்டுக் கையை நீட்டினார். இரண்டு வண்டிச் சாவியையும் கொடுத்தேன். உன் இடுப்பிலிருந்து சாவி போனபோது எப்படி இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. மன்னித்துவிடு என்று எழுத மூன்று தாள் கிழித்தேன். இந்தத் தாளில் கிழியாமல் வந்துவிட்டது.

நர்ஸம்மா தன் ஆஸ்பத்திரியிலேயே டாக்டரிடம் என்னைக் காட்டி, ஆபரேஷனுக்கு நாளும் வாங்கிவிட்டார். முழங்கையில் நரம்பு மாட்டிக்கொண்டிருக்கிறதாம். இருபதாம் தேதி பிரித்துப் பார்க்கிறார்கள். முன்பே வந்திருந்தால் முழுதாகத் திரும்பியிருக்கும், இப்போது பாதி வரலாம் என்கிறார்கள்.

வீட்டில் என் பழைய கார் நிற்கிறது. ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸிலும் போகலாம். ஆனால் நீ வா. நீ ஓட்டு, நான் பக்கத்துச் சீட்டில் உட்காருகிறேன். வழி முழுக்கத் திட்டு. பாதியில் வைத்துவிட என்னிடம் போன் இருக்காது.

ஆஸ்பத்திரிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு இறக்கம் வரும். மூன்றிலிருந்து இரண்டில் போடு. ஒன்றில் போட்டுவிடாதே. நான்தான் ஓட்டினேன் என்று இந்தத் தடவை சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

அக்கா